இரட்டைச் சடை கேட்ட கம்பெனியும் மொட்டை கேட்ட முருகனும்

"யாருக்குங்க மொட்டை?"

மாணிக்க கங்கைக் கரையில் முடி இறக்குகிறவர், கத்தியில் புது பிளேட்டைப் பொருத்திக்கொண்டே கேட்டார். நான் என்னைக் காட்டினேன். அக்கா பிள்ளையைக் காட்டினாள். பிள்ளை என்னைக் காட்டினாள். அவர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மொதல்ல வீட்டுக்குள்ள பேசி முடிச்சிட்டு வாங்க. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்றார்.

ஆடி மாதம். கதிர்காமத்தில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர்தான். ஈரத் துணியும் கற்பூரமும் மிதிபட்ட வாழைப்பழமும் சேர்ந்து ஒரு வாசம். நாங்கள் மூன்று பேரும் அந்த வாசத்துக்கு நடுவே, ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

அக்கா என்றால் என் உடன்பிறந்த சாந்தியக்கா. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். பிள்ளை என்றால் அவளுடைய ஒரே மகள் சஞ்சனா. வயது ஏழு. அந்தப் பிள்ளையின் தலைமுடியைத் தருவதாக முருகனுக்கு நேர்ந்தவன் நான். அதே தலையில் தொங்கிய இரட்டைச் சடையை, நான்கு நாள் கழித்துக் கொழும்பில் ஒரு பிள்ளைகள் உடுப்புக் கம்பெனிக்குக் கொண்டுவந்து காட்டுவதாக ஒப்புக்கொண்டவனும் நான்தான். ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் ஒரே தலையை எழுதிக் கொடுத்தவன்.

சிரிக்கக் கூடாத தொழில்

பசறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோ கொப்பி எடுப்பது, விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் படம் எடுப்பது. இந்தத் தொடரை முதலில் இருந்து படிப்பவர்களுக்கு அந்தக் கடையின் கூரை எந்த இடத்தில் ஒழுகும் என்பது வரைக்கும் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொன்னால் போதும். மனிதர்களைச் சிரிக்காதே என்று சொல்லிப் பிழைக்கிறவன் நான். வாயை மூடு, காது தெரியட்டும், நெற்றியில் முடி விழாமல் பார்த்துக்கொள், நேரே பார். இருபது வருடமாக இதே மந்திரம்.

ஒரு முறை லுணுகலைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். எப்படி எடுத்தாலும் படத்தில் சிரித்தார்.

"ஐயா, கொஞ்சம் சிரிக்காம இருங்க."

"நான் எங்க தம்பி சிரிச்சேன்? மூஞ்சே அப்பிடித்தான்."

ஏழெட்டுத் தடவை எடுத்துப் பார்த்தேன். கடைசியில், "மருமகன் எப்பிடி இருக்காருங்க?" என்று கேட்டேன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. உடனே அமுக்கினேன். அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

சஞ்சு பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என் கடைக்கு வருவாள். அக்கா கொழுந்து நிறுத்து முடித்து வரும் வரைக்கும் அவள் என் பொறுப்பு. படம் எடுக்க வருகிறவர்கள் தலை சீவுவதற்கு ஒரு கண்ணாடியும், நூலில் கட்டிய சீப்பும் தொங்கவிட்டிருப்பேன். பிள்ளைக்கு அந்தக் கண்ணாடிதான் உலகம். இடுப்பில் கை வைத்துப் பார்ப்பாள், திரும்பிப் பார்ப்பாள், தோளுக்கு மேலால் பார்ப்பாள். என் வாடிக்கையாளர்கள் சீப்புக்கு வரிசையில் நிற்பார்கள்.

ஒரு சனிக்கிழமை அவள் காலுக்குச் சப்பாத்து வாங்கப் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைச் சுவரில் பெரிய படம். ஆறு பிள்ளைகள் புது உடுப்புப் போட்டு நிற்கிறார்கள். சஞ்சு படத்துக்கு முன்னால் நின்று, முதலாவது பிள்ளை நிற்பதுபோல நின்றாள். பிறகு இரண்டாவது. ஆறாவது பிள்ளைக்கு வரும்போது, சப்பாத்து எடுத்து வந்த கடைப்பிள்ளை பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இந்தப் புள்ளைங்கள யாரு தேடிக் கண்டுபுடிச்சாங்க?"

"அவங்கெல்லாம் கொழும்புல இருப்பாங்கம்மா."

"பசறைக்கு வந்து தேட மாட்டாங்களா?"

"பசறை இருக்கிறது அவங்களுக்குத் தெரியணுமே."

சஞ்சு படத்தை விட்டுத் திரும்பி நின்றாள். "அப்ப நாமதானே சொல்லணும், நாங்க இங்க இருக்கோம்னு."

ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரிந்தது, எனக்கு நாற்பத்திரண்டு வயது வரைக்கும் புரியவில்லை. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போதே கைத்தொலைபேசியில் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா விதித்த நிபந்தனை

தேடியதில் ஒரு கம்பெனி கிடைத்தது. பண்டிகைக் கால உடுப்புகளைக் காட்டும் படப் புத்தகத்துக்குப் பிள்ளைகள் தேவை என்று போட்டிருந்தார்கள். எங்களிடமிருந்து காசு எதுவும் கேட்கவில்லை. படம் எடுக்கும் அறையில் வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அது எனக்குப் பிடித்தது. ஆனால் அக்காவிடம் கேட்பது லேசான காரியமில்லை. அவளுக்குக் கேமராவைக் கண்டாலே ஆகாது.

அதற்குக் காரணம் உண்டு. பல வருடத்துக்கு முன் எல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது யாரோ ஓர் உல்லாசப் பயணி அவளைப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த புது வருடத்துக்குப் பதுளைக் கடை ஒன்றில் கலண்டர் பார்த்தால், மார்ச் மாதத்தில் அக்கா. பெயர் இல்லை, ஊர் இல்லை, கேட்டதும் இல்லை.

"அட்ட கடிச்சு மூஞ்ச சுளிச்சிக்கிட்டு இருக்கேன். அதப் போயி சிரிப்புன்னு போட்டுட்டானுங்க" என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"கேட்டு எடுக்கட்டும். என்னைய இல்ல, புள்ளைய. அவ வேணாம்னா அந்த நிமிஷமே கூட்டிட்டு வந்துரணும். என்னா?"

"சரிக்கா."

"கவுன நான் தேச்சு தாறேன். நீ தேச்சா கருக்கிப்புடுவ."

அவளுக்கும் ஆசை இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

பாஸ்போட்டுக்கா?

கடையில் நீலத் திரையை இறக்கிவிட்டு, விளக்கு இரண்டையும் போட்டு, சஞ்சுவை உட்கார வைத்து ஐந்து படம் எடுத்தேன். இருபது வருடத் தொழில் அனுபவம் முழுவதையும் அதில் இறக்கினேன். ஒரு முடி கலையவில்லை. அனுப்பிவைத்தேன்.

கம்பெனிக்காகப் பிள்ளைகளைத் தெரிவு செய்கிறவர் நிரோஷா மிஸ். கொழும்புத் தமிழர். மறுநாள் அவரிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி வந்தது. "இது பாஸ்போட்டுக்கா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் பிழையில்லை. காது இரண்டும் தெரிந்தன, வாய் மூடியிருந்தது, பார்வை நேராக இருந்தது. கண்ணாடிக்கு முன்னால் அத்தனை ஆட்டம் ஆடும் பிள்ளையை, சவூதிக்குப் போகிறவள் மாதிரி எடுத்து வைத்திருந்தேன். யாரும் கேட்காமலே பிள்ளையிடமும் என் மந்திரத்தைச் சொல்லியிருக்கிறேன். பழக்கதோஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா இருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயத்துக்குப் போனேன். பீலியடியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சஞ்சு தலை முழுகி, காய்ந்து, அக்கா அப்போதுதான் இரட்டைச் சடை போட்டு முடித்திருந்தாள். இடுப்பு வரைக்கும் வருகிற சடை. பிள்ளை அதை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றிக்கொண்டு பீலியைச் சுற்றி ஓடினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கைத்தொலைபேசியில் எடுத்துக்கொண்டே இருந்தேன். எடுத்ததை மிஸ்ஸுக்கு அனுப்பினேன்.

பதில் ஒரு மணித்தியாலத்தில் வந்தது. "இந்தப் பிள்ளை எங்களுக்கு வேணும். ரிப்பன் பக்கம் முழுக்க இவள்தான்." அதற்குக் கீழே திகதி. அதற்கும் கீழே, "தயவுசெய்து படம் எடுக்கும் வரைக்கும் முடியை வெட்ட வேண்டாம். நுனி கூட."

சஞ்சு லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் ஓடிச் சொல்லிவிட்டு வந்தாள். அக்கா மட்டும் திகதியைக் கேட்டாள். விரல் விட்டு எண்ணினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"தம்பி, வேன் பேசியாச்சு. கதிர்காமத்துக்கு."

வாட்டுக்கு வெளியே சொன்ன வார்த்தை

சஞ்சுவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது டெங்குக் காய்ச்சல் வந்து பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். நான்காம் நாள் டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் வாட்டுக்கு வெளியே நடைபாதையில் நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முருகா, பிள்ளையைத் திருப்பித் தா, என் மடியில் வைத்து அவளுக்கு மொட்டை போடுகிறேன்" என்று சொன்னேன். தாய்மாமன் மடிதானே வழக்கம். அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது.

நேர்ந்தது வாய். நகர வேண்டியது கால். முதல் வருடம் எங்கள் அப்பா இறந்த துடக்கு. அடுத்த வருடம் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றது. மூன்றாம் வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், மொட்டையோடு எப்படி அனுப்புவது என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

அதற்குப் பிறகு அக்கா வீட்டில் எது நடந்தாலும் அந்த நேர்ச்சைதான் காரணம். மாடு பால் குறைத்தால் நேர்ச்சை. கூரைத் தகரம் பறந்தால் நேர்ச்சை. சஞ்சு படியில் விழுந்து முழங்காலில் அடிபட்டதற்கும் முருகன்தான் காரணம் என்றாள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அக்கா உண்மையிலேயே போட்டாள்.

முருகனோடு பேரம்

முதலில் மிஸ்ஸிடம் கேட்டேன். குடும்ப விசேஷம், ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா என்றேன். எட்டுப் பிள்ளைகள், மண்டபம், கேமரா எல்லாம் பதிந்தாகிவிட்டது, முடியாது என்றார். விசேஷம் என்னவென்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிறகு அக்காவிடம் போனேன்.

"அக்கா, பூமுடி குடுப்போம். மூணு கொத்து வெட்டி சாமிக்கு வச்சா போதும். எத்தன பேரு செய்யிறாங்க."

"நீ மொட்டன்னுதானே சொன்ன? இப்ப என்னா, முருகன்கிட்ட வெலக் கழிவு கேக்குறியா?"

"அப்ப அடுத்த வருஷம்."

"நாலு வருஷமா அடுத்த வருஷம்."

"புள்ளைக்கு இப்பிடி ஒரு சந்தர்ப்பம் திரும்ப வருமாக்கா? பசறையில இருந்து யாரக் கூப்புட்டிருக்காங்க இதுவரைக்கும்?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் குரல் இறங்கித்தான் வந்தது.

"நீ வாட்டுக்கு வெளிய நின்ன தம்பி. நான் உள்ள நின்னேன். எனக்குப் போட்டோ வேணாம்னா சொல்றேன்? எனக்குப் பயமா இருக்குடா. இந்த நாலு வருஷமும் அவ தும்முனா கூட எனக்குப் பயமா இருக்கு."

அவ்வளவு நாளும் அவளைக் கேலி செய்துகொண்டிருந்தவன் நான். நேர்ந்தது நான், தள்ளிப்போட்டது நான், அந்தப் பயத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தது அவள். வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். நேர்ந்த வாய் என் வாய். ஆகவே தலையும் என் தலையாக இருக்கட்டும். இதைப் படித்துச் சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அப்போது என் தலையில் மிச்சமிருந்த முடியை, எந்தக் காற்றிலும் நகராதபடி இடமிருந்து வலமாகச் சீவி, நடுவில் உள்ள வெற்றிடத்தை மூடி வைத்திருந்தேன். கடைக் கண்ணாடியை சஞ்சுவுக்கு அடுத்தபடியாக அதிகம் பார்த்தவன் நான்தான். அந்த முடியைக் கொடுப்பது எனக்குச் சின்ன விஷயமில்லை.

யாரிடமும் சொல்லாமல் வேனில் ஏறினேன்.

ஆற்றங்கரையில்

"நேந்தது என் வாய்க்கா. என் தலையக் குடுக்குறேன். புள்ளைய விட்டுரு" என்றேன்.

அக்கா என் தலையைப் பார்த்தாள். "இதையா? இதக் குடுக்குறதும் ஒண்ணு, குடுக்காம இருக்கிறதும் ஒண்ணு."

முடி இறக்குகிறவரிடம் நியாயம் கேட்டேன். அவர் கத்தியை உதறினார். "சாமிகிட்ட வழக்குப் பேச நான் வக்கீல் இல்லீங்க. யாரு தலையக் குனியிறாங்களோ அவங்களுக்கு வழிப்பேன்."

குனிந்தேன். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. தலையில் காற்றுப் பட்டது. இருபது வருடமாகக் காற்றுப் படாத இடம், சிலிர்த்துவிட்டது.

நிமிர்ந்தபோது சஞ்சு என்னைப் பார்த்தாள். முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு முடியவில்லை. ஆற்று மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எழுந்து வந்து என் தலையைத் தடவிப் பார்த்தாள். திரும்பவும் சிரித்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முடி இறக்குகிறவர் கூட.

சிரித்து முடிந்ததும் அவள் என் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"எனக்கும்."

"சஞ்சு, போட்டோ இருக்கும்மா. சடை வேணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க."

"போட்டோவுல நான்தானே நிக்கப் போறேன். முடியா நிக்கப் போவுது?"

"ரிப்பன் கட்ட ஏலாதே."

அவள் சடை இரண்டையும் முன்னால் இழுத்துப் பார்த்தாள். அதில் ஆசை இல்லாமலில்லை. ஒரு சடையின் நுனியைக் கன்னத்தில் வைத்து ஒரு தடவை தேய்த்தாள். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா என்னையக் காட்டுனாங்கதானே மொதல்ல. நான் குடுத்துட்டா அம்மா பயப்பட மாட்டாங்கதானே?"

அவள் அன்றைக்கு எங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறாள். லயத்தில் எந்தச் சுவர்தான் பேச்சை மறைத்தது.

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பிள்ளையின் நெற்றியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். சடை இரண்டும் என் தொடையில் விழுந்தபோது அழுதேன். மறைக்கவில்லை. இரண்டு தலையிலும் சந்தனம் பூசிக்கொண்டு சன்னிதிக்குப் போனோம். சந்தனம் காய்ந்து இழுக்கும்போது, "மாமா, ஒங்களுக்கும் கடிக்குதா?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பறந்து போன முடி

சரியான ஆள் என்றால் அன்றைக்கே மிஸ்ஸுக்குச் சொல்லியிருப்பான். நான் பதுளைக்குப் போய், பள்ளிக்கூட நாடகங்களுக்கு வேஷ உடுப்பு வாடகைக்குக் கொடுக்கும் கடையில் ஒரு பொய் முடி எடுத்து வந்தேன். இரட்டைச் சடையோடு அந்த ஒன்றுதான் இருந்தது. பெரியவர்கள் அளவு. சஞ்சு போட்டதும் மூக்கு வரைக்கும் இறங்கியது.

"ராணி வேஷம் போட்ட கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

அவள் கொழும்புக்கு வரவில்லை. சஞ்சுவின் அப்பா, என் மச்சான், அங்கே ஒரு மரக்கறிக் கடையில் வேலை. அவர் கோட்டை ஸ்டேஷனில் வந்து எங்களைக் கூட்டிக்கொள்வதாக ஏற்பாடு. காலைக் கோச்சியில் நானும் பிள்ளையும் ஏறினோம். எல்ல வந்ததும் பெட்டி முழுக்க உல்லாசப் பயணிகள். கதவுக்குக் கதவு தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள்.

சஞ்சுவுக்குத் தலை அரித்தது. பொய் முடியைக் கழற்றி, "காத்து வாங்கட்டும்" என்று ஜன்னல் விளிம்பில் வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அது எழுந்தது. சடை இரண்டும் விரிய, கொஞ்ச தூரம் எங்களோடு கூடவே பறந்து வந்து, ஒரு தேயிலைச் செடியின் தலையில் போய் உட்கார்ந்தது. அளவு சரியாக இருந்தது.

ஜன்னலோரம் இருந்த வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். சஞ்சு எழுந்து நின்று கையசைத்தாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எல்லைக்கு அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் கூட வரவில்லை.

கோட்டையில் மச்சான் எங்களைக் கடந்து இரண்டு தடவை போனார். அவருக்கு நேர்ச்சை நிறைவேறியது தெரியும். ஆனால் இரண்டு மொட்டையை அவர் எதிர்பார்க்கவில்லை.

மிஸ்ஸின் கதவு

மறுநாள் காலை நிரோஷா மிஸ் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். கீழே பிள்ளையைப் பார்த்தார். வணக்கம் என்று சொன்ன எனக்குப் பதில் வணக்கம் வரவில்லை.

"மிஸ், தலையில பேன்..." என்று ஆரம்பித்தேன்.

"பேன் இல்ல மிஸ்" என்றாள் சஞ்சு. "எனக்குக் காய்ச்ச வருத்தம் வந்தப்ப மாமா சாமிக்கு நேந்துகிட்டாரு. நாலு வருஷமா குடுக்கல. அம்மாவுக்குப் பயமா இருந்துச்சி. அதான் குடுத்துட்டு வந்தோம்."

மிஸ் பிள்ளை சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு என்னிடம்தான் பேசினார். "நேர்ச்சையை நான் குறை சொல்லயில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ரிப்பன் எல்லாம் இந்தப் பிள்ளையின்ட சடைக்கு ஏற்ற மாதிரித்தான் எடுத்து வச்சோம்."

அவர் சொன்னது முழுக்க நியாயம். நான் தலையைக் குனிந்தேன். குனிந்ததும் மொட்டை அவருக்கு நேரே போனதில் அவருக்கு இன்னும் கோபம் வந்திருக்கும்.

ரிப்பன் பக்கம் வேறொரு பிள்ளைக்குப் போனது. சஞ்சு ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுறியாம்மா?"

"இல்ல மாமா. மூக்குல தண்ணி வருது."

"வா, போவோம். அப்பா வெளிய நிக்கிறாரு."

"நீங்க போங்க. எப்பிடி எடுக்குறாங்கன்னு நான் பாக்கணும்."

முருகனிடம் என் வாக்கு நிறைவேறியது. இவளிடம் கொடுத்த வாக்கைத்தான் நான் உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிஜாமா

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பிஜாமாவுக்குப் படம். வெள்ளை மெத்தை போட்டு, தலையணை வைத்து, நட்சத்திரம் போட்ட பிஜாமாவை ஒரு பிள்ளைக்கு உடுத்தி மெத்தையில் விட்டார்கள். அந்தப் பிள்ளை தலையணையைக் கண்டதும் நிஜமாகவே தூங்கிவிட்டது. எழுப்பிப் பார்த்தார்கள். தாய் எழுப்பிப் பார்த்தாள். அது திரும்பிப் படுத்துக்கொண்டது.

படம் பிடிக்கிறவர் ஒரு சிங்கள இளைஞர். கையைப் பிசைந்துகொண்டு சுற்றிப் பார்த்தார். சஞ்சுவைக் காட்டி மிஸ்ஸிடம் ஏதோ சொன்னார். மிஸ் யோசித்தார். ஏழு வயது அளவிலும் ஒரு பிஜாமா இருந்தது.

"செல்லம், உங்களுக்கு விருப்பமா?"

அக்கா விதித்த நிபந்தனையை மிஸ் தானாகவே நிறைவேற்றினார்.

"விருப்பம் மிஸ். ஆனா மாமா கேமராவுக்குப் பின்னால நிக்கணும்."

"பயமா?"

"இல்ல. மாமாவோட தலையப் பாத்தா எனக்கு சிரிப்பு வரும்."

நின்றேன். எனக்கு யாரையும் சிரிக்கச் சொல்லிப் பழக்கமில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து காட்டினேன். அவ்வளவுதான். சஞ்சு மெத்தையில் விழுந்து உருண்டாள். தலையணையை எறிந்தாள். எழுந்து நின்று குதித்தாள். சடை இருந்திருந்தால் முகத்தை மறைத்திருக்கும். இப்போது மறைக்க ஒன்றுமில்லை, பிள்ளை முழுக்கச் சிரிப்பாக இருந்தாள். படம் பிடிக்கிறவர் ஒரே ஒரு தடவைதான் நிறுத்தினார். என் தலையில் விளக்கு வெளிச்சம் பட்டுக் கேமராவில் அடிக்கிறது, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லுங்கள் என்று மிஸ் மூலம் சொன்னார்.

முடிந்ததும் மிஸ் எனக்குத் தேநீர் தந்தார். கோபம் போயிருந்தது என்று சொல்ல மாட்டேன், பாதி போயிருந்தது. மிச்சம் ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த தகவலில் போய்விட்டது. பிஜாமாப் படம்தான் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வருகிறதாம். பள்ளிக்கூட உடுப்புக்கும் சஞ்சு வர வேண்டுமாம். முடி வளர்ந்திருந்தாலும் சரி, வளராவிட்டாலும் சரி. "ஆனா எதுவானாலும் முதலில் எனக்குச் சொல்லுங்கோ" என்று முடித்திருந்தார்.

அக்கா வீட்டுக் கதவு

என் கடையில் இருந்த பெரிய தாளில் அந்தப் படத்தை அச்செடுத்து, சட்டகம் போட்டு, லயத்துக்குக் கொண்டுபோனேன். அக்கா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். கொழுந்துக் கறை போகக் கையைத் தேய்த்துக் கழுவி, துடைத்துவிட்டு வாங்கினாள்.

வெகு நேரம் பார்த்தாள். பிஜாமாவை ஏதாவது குறை சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"இதே மாதிரி வெள்ள மெத்தையிலதாண்டா கெடந்தா. கண்ணு தொறக்கல" என்றாள். "இப்ப பாரு, மூடிக்கிட்டு சிரிக்கிறா."

கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் ஒரு நீலப் பை தொங்கியது. நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், என்னவென்று கேட்டதில்லை. அக்கா அதை இறக்கி என் மடியில் வைத்தாள். ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டுகள், கிளினிக் கொப்பி, ஒரு துவாய், பிள்ளைக்கு மாற்றுடுப்பு. எந்த நேரம் காய்ச்சல் வந்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காக நான்கு வருடமாகத் தயாராகத் தொங்கிய பை.

நான் மாற்றுடுப்பை எடுத்து விரித்தேன். மூன்று வயதுப் பிள்ளையின் சட்டை. சஞ்சு அதைப் பறித்துத் தன் மேல் வைத்துப் பார்த்தாள். தொப்புள் வரைக்கும்தான் வந்தது. கண்ணாடி இல்லாமலே இடுப்பில் கை வைத்துத் திரும்பி நின்றாள்.

அக்கா சிரித்துக்கொண்டே அந்த ஆணியில் படத்தை மாட்டினாள்.